வம்சமா, வளர்ப்பா, சொந்த முடிவா? – உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) வாழ்க்கை தரும் பாடம்

பிள்ளை நன்றாக ஓதினால் நம் வீடுகளில் பாட்டனார் பெயர்தான் முதலில் வரும். ஆலிம் குடும்பம், இரத்தத்திலேயே இருக்கிறது என்போம். அதே பிள்ளை தடம் மாறினால் சேர்க்கை சரியில்லை, தாய் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள் என்போம். நல்லதற்கு வம்சத்தையும் கெட்டதற்கு வளர்ப்பையும் காரணம் சொல்லி முடித்துவிடுகிறோம். நடுவில் அந்தப் பிள்ளை ஒருவன் இருக்கிறான், அவனுக்கும் ஒரு மனம் இருக்கிறது, முடிவெடுப்பவன் அவன்தான் என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

இன்றைய அறிவியலும் இந்தக் கேள்வியை விட்டபாடில்லை. உயரம், நிறம், சில நோய்களுக்கான வாய்ப்பு, ஓரளவுக்குச் சுபாவம் கூட மரபணு வழியாக வருகின்றன. வீடும் பள்ளியும் தெருவும் அதன்மேல் வேலை செய்கின்றன. ஆனாலும் அச்சில் வார்த்ததுபோல் இருக்கும் இரட்டையர்கள், ஒரே வீட்டில் ஒரே சோறு தின்று வளர்ந்தும், ஒரே மனிதராக ஆவதில்லை.

மார்க்கம் நமக்கு மூன்றையும் சொல்லித் தந்திருக்கிறது. ஒவ்வொரு குழந்தையும் ஃபித்ரா எனும் தூய இயல்பில் பிறக்கிறது. பெற்றோர் அதை ஒரு பக்கம் திருப்புகிறார்கள். கடைசியில் மறுமையில் அவரவர் செயலுக்கு அவரவரே பதில் சொல்கிறார்கள். இந்த மூன்றும் ஒரே மனிதரின் வாழ்வில் எப்படிச் சேர்ந்து நடந்தன என்பதைப் பார்க்க வேண்டுமானால், உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களைவிடப் பொருத்தமான ஒருவரைக் காண்பது அரிது.

பால் விற்ற பெண்ணின் பேரர்

கதை அவர் பிறப்பதற்கு முன்பே தொடங்குகிறது. இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரவு நேரங்களில் மதீனாவின் தெருக்களில் சுற்றி வருவார்கள். ஓர் இரவு ஒரு வீட்டின் ஓரமாக நின்றபோது, பாலில் தண்ணீர் கலக்கும்படி ஒரு தாய் தன் மகளிடம் சொல்வது காதில் விழுந்தது. கலீஃபா அதைத் தடை செய்திருக்கிறாரே என்று மகள் தயங்கினாள். கலீஃபா இங்கே பார்த்துக்கொண்டா இருக்கிறார் என்றாள் தாய். கலீஃபா பார்க்காவிட்டாலும் அவருடைய இறைவன் பார்க்கிறான் என்று மகள் மறுத்துவிட்டாள். உமர் (ரலி) அவர்கள் அந்த வீட்டை அடையாளம் வைத்துக்கொண்டு, தம் மகன் ஆஸிமுக்கு அந்தப் பெண்ணை மணமுடித்து வைத்தார்கள். அவர்களுக்குப் பிறந்த மகள் உம்மு ஆஸிம். அவருடைய மகன்தான் உமர் இப்னு அப்துல் அஸீஸ் என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள்.

தாய் வழியில் இப்படி. தந்தை வழியிலோ அவர் உமய்யா அரச குடும்பத்தவர். தந்தை அப்துல் அஸீஸ், கலீஃபா மர்வானின் மகன். சுமார் 20 ஆண்டுகள் எகிப்தின் ஆளுநராக இருந்தவர். பெரிய தந்தை கலீஃபா அப்துல் மலிக். ஆக, இவருடைய உடம்பில் ஓடியது இரண்டு வேறு வரலாறுகளின் இரத்தம். ஒட்டுப்போட்ட சட்டையோடு ஆட்சி செய்த ஒருவரின் கொள்ளுப்பேரர் இவர்; மாளிகைகளும் படைகளும் வைத்து ஆண்ட ஒருவரின் பேரரும் இவரே. இந்த இரண்டில் எது வெல்லும் என்பதை இரத்தத்தால் மட்டும் சொல்லிவிட முடியாது.

சிறு வயதில் குதிரை உதைத்து அவர் நெற்றியில் ஒரு தழும்பு ஏற்பட்டது. முகத்தில் தழும்புள்ள ஒருவர் தம் சந்ததியில் தோன்றி உலகில் நீதியை நிரப்புவார் என்று உமர் (ரலி) அவர்கள் கூறியதாகக் குடும்பத்தில் ஒரு பேச்சு இருந்தது. அவர்தான் இவரோ என்று பலர் எதிர்பார்த்தார்கள். ஆனால் எதிர்பார்ப்பு ஒருவரை நல்லவராக்கிவிடுவதில்லை என்பதை அவர் வாழ்க்கையே பின்னால் காட்டியது.

மதீனாவின் வளர்ப்பு

தந்தை எகிப்துக்குப் போனபோது மகனையும் அழைத்துச் சென்று அரண்மனையில் வளர்த்திருக்கலாம். ஆனால் உமர் (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள், இந்தப் பிள்ளை எங்கள் குடும்பத்தின் சாயல் உள்ளவன், இவனை எங்களிடம் விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டதாக வரலாறு சொல்கிறது. தந்தையும் சம்மதித்தார். ஆளுநரின் மகன், நபித்தோழர்களும் அவர்களின் மாணவர்களும் வாழ்ந்த ஊரில் வளர்ந்தான்.

அங்கே அவனுடைய ஆசிரியர்களில் ஒருவர் ஸாலிஹ் இப்னு கைஸான் (ரஹ்). ஒருநாள் சிறுவன் ஜமாஅத்துக்குத் தாமதமாக வந்தான். காரணம் கேட்டபோது, தலை வாரிவிடும் பெண் இன்னும் வாரி முடிக்கவில்லை என்றான். தொழுகையைவிட உனக்குத் தலைவாரல் பெரிதாகிவிட்டதா என்று ஆசிரியர் கண்டித்தார். அதோடு விடாமல் எகிப்துக்குக் கடிதம் எழுதினார். தந்தை ஓர் ஆளை அனுப்பினார். வந்தவர் சிறுவனிடம் வேறு எதுவும் பேசுவதற்கு முன் அவன் தலையை மழித்துவிட்டார்.

ஆசிரியர் ஆளுநரின் மகன் என்று தயங்கவில்லை, தந்தை என் பிள்ளையை எப்படிக் கண்டிக்கலாம் என்று சண்டைக்கு வரவில்லை. வளர்ப்பு என்பது வீடும் மதரஸாவும் ஒரே குரலில் பேசுவது. இன்று ஆசிரியர் ஒரு வார்த்தை சொன்னால் பள்ளிக்கூட வாசலில் போய் நிற்கும் நாம் இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும்.

இன்னொரு ஆசிரியர் உபைதுல்லாஹ் இப்னு அப்துல்லாஹ் (ரஹ்). அன்றைய உமய்யா குடும்பத்தில் அலீ (ரலி) அவர்களைக் குறை பேசுவது வழக்கமாக இருந்தது. வீட்டில் கேட்டதையே இளம் உமரும் பேசினார். இது காதுக்கு எட்டியதும் ஆசிரியர் முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம் கேட்டபோது, பத்ரில் கலந்துகொண்டவர்களை அல்லாஹ் பொருந்திக்கொண்ட பிறகு, அவர்கள்மேல் கோபம் கொண்டான் என்று உனக்கு எப்போது செய்தி வந்தது என்று கேட்டார். மாணவர் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்டார். அதன்பின் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். அன்று விழுந்த அந்த விதை முளைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

நல்ல வளர்ப்புக்குப் பிறகும்

இத்தோடு கதையை முடித்தால், நல்ல வம்சம், நல்ல வளர்ப்பு, ஆகவே நல்ல மனிதர் என்று எழுதிவிடலாம். ஆனால் வாழ்க்கை அப்படி நேர்க்கோட்டில் போகவில்லை.

தந்தை இறந்த பிறகு கலீஃபா அப்துல் மலிக் இவரைத் திமஷ்குக்கு அழைத்துத் தம் மகள் ஃபாத்திமாவை மணமுடித்து வைத்தார். செல்வம் குவிந்தது. அவர் பூசிய நறுமணத்தை வைத்தே அவர் வந்துபோன இடத்தை மக்கள் கண்டுகொண்டார்கள். அவருடைய நடையை இளம்பெண்கள் பழகிப் பார்த்தார்கள். நூற்றுக்கணக்கான திர்ஹம் விலையுள்ள ஆடையையும் சொரசொரப்பாக இருக்கிறது என்று குறை சொல்வார்.

ஹிஜ்ரி 87 (கி.பி. 706) இல் கலீஃபா வலீத் அவரை மதீனாவின் ஆளுநராக்கினார். வந்தவுடன் மதீனாவின் பத்து அறிஞர்களை அழைத்து, உங்களைக் கலக்காமல் எதையும் முடிவு செய்ய மாட்டேன், என் அதிகாரிகள் அநீதி செய்தால் என்னிடம் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மஸ்ஜிதுந் நபவியின் விரிவாக்கமும் அவர் பொறுப்பில்தான் நடந்தது. நபி (ஸல்) அவர்களின் தொழுகையை ஒத்த தொழுகையை இந்த இளைஞரிடம் கண்டேன் என்று அனஸ் (ரலி) அவர்கள் பாராட்டினார்கள்.

ஆனால் அதே காலத்தில்தான் அவர் வாழ்வின் பெரிய தவறும் நடந்தது. அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்களின் மகன் குபைப் மதீனாவில் வாழ்ந்த ஒரு வணக்கசாலி. அவரைக் கசையால் அடித்து, தலையில் குளிர்ந்த நீரை ஊற்றும்படி வலீத் உத்தரவிட்டார். ஆளுநர் உமர் மறுக்கவில்லை. குளிர் நாளில் அந்தத் தண்டனை நிறைவேறியது. குபைப் இறந்துவிட்டார்.

உமர் (ரலி) அவர்களின் இரத்தம் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. இப்னு உமர் (ரலி) அவர்களின் நிழலில் வளர்ந்த வளர்ப்பும் நிறுத்தவில்லை. மேலிடத்து உத்தரவு, பதவி, அச்சம் ஆகியவற்றின் முன் அவர் எடுத்த முடிவு அது. வம்சமும் வளர்ப்பும் நம்மை வாசல்வரை கொண்டுவந்து விடும். உள்ளே நுழைவதா திரும்புவதா என்பதை நாமேதான் தீர்மானிக்கிறோம்.

மரணச் செய்தி கேட்டதும் அவர் நிலைகுலைந்து போனார். பிற்காலத்தில் யாராவது அவருடைய நற்செயல்களைச் சொல்லி நன்மாராயம் கூறினால், குபைப் வழியில் நிற்கும்போது எனக்கு என்ன நற்செய்தி என்பார். சொன்னதை நிறைவேற்றினேன் என்று கலீஃபாவின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க அவருக்கு எல்லா வழியும் இருந்தது. அவர் அந்த வழியில் போகவில்லை. தம் தவறைத் தம்முடையது என்று ஒப்புக்கொண்டார். அவருடைய மாற்றம் அந்தத் தவ்பாவில் தொடங்கியது என்றே நாம் கருதுகிறோம்.

தாபிக்கில் பிரிக்கப்பட்ட கடிதம்

ஹிஜ்ரி 99 (கி.பி. 717). வட சிரியாவின் தாபிக்கில் கலீஃபா சுலைமான் மரணப் படுக்கையில் இருந்தார். அறிஞர் ரஜா இப்னு ஹைவா (ரஹ்) அவர்களின் ஆலோசனைப்படி, அடுத்த கலீஃபாவின் பெயரை எழுதி முத்திரையிட்டார். பெயர் தெரியாமலேயே குடும்பத்தார் பைஅத் செய்தார்கள். உமருக்கு உள்ளூர ஒரு சந்தேகம். தம் பெயர் இருந்தால் இப்போதே சொல்லிவிடும்படியும், கைகூப்பாத குறையாக விலகிக்கொள்வதாகவும் ரஜாவிடம் கெஞ்சினார். ரஜா வாய் திறக்கவில்லை.

சுலைமான் இறந்ததும் பள்ளிவாசலில் கடிதம் பிரிக்கப்பட்டது. பெயரைக் கேட்டதும் பின்வரிசையில் இருந்த உமரால் எழுந்து நிற்கவும் முடியவில்லை; தாங்கிப் பிடித்து மிம்பருக்கு அழைத்து வந்தார்கள். தம்மைக் கேட்காமல் தம்மேல் சுமத்தப்பட்ட பொறுப்பு இது என்றும், மக்களைப் பைஅத்திலிருந்து விடுவிப்பதாகவும், விரும்பியவரைத் தேர்ந்துகொள்ளலாம் என்றும் அவர் அறிவித்தார். மக்கள் ஒரே குரலில் அவரையே ஏற்றுக்கொண்டார்கள்.

அலங்கரிக்கப்பட்ட அரச குதிரைகள் வந்தன. அவற்றை அனுப்பிவிட்டுத் தம் கோவேறு கழுதையைக் கொண்டுவரச் சொன்னார். அப்போது அவருக்கு வயது சுமார் 37. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நாம் சொல்வோம். ஐந்தில் வளைக்கப்பட்டு, இருபதில் நிமிர்ந்து, முப்பதில் தவறிய ஒருவர், 37 வயதில் தாமாகவே வளைந்ததை வரலாறு கண்டது.

வீட்டிலிருந்து தொடங்கிய நீதி

முதல் கணக்கை அவர் தம்மிடமே பார்த்தார். குடும்பத்துக்கு மானியமாக வந்த நிலங்களின் பத்திரங்களை எடுத்து, முறையற்றவை என்று கண்டவற்றைத் திருப்பிக் கொடுத்தார். ஃபதக் தோட்டத்தின் வருமானத்தை நபி (ஸல்) அவர்கள் காலத்தில் செலவிட்ட வழிக்கே மாற்றினார்.

மனைவி ஃபாத்திமாவிடம் தந்தை அப்துல் மலிக் கொடுத்த விலை உயர்ந்த நகை இருந்தது. அதை பைத்துல்மாலில் சேர்த்துவிடு, அல்லது என்னைப் பிரிய அனுமதி கொடு, அதுவும் நானும் ஒரே வீட்டில் இருக்க முடியாது என்றார் கணவர். கலீஃபாவின் மகள், கலீஃபாக்களின் சகோதரி, இப்போது கலீஃபாவின் மனைவி. அவர் கணவரைத் தேர்ந்துகொண்டார். நகை பைத்துல்மாலுக்குப் போனது.

மகன் அப்துல் மலிக் இன்னும் ஒருபடி மேலே நின்றார். பதவியேற்ற அன்றே களைத்துப்போய்ச் சற்று உறங்க நினைத்த தந்தையிடம் வந்து, பறிக்கப்பட்ட உரிமைகளைத் திருப்பிக் கொடுக்காமலா உறங்கப் போகிறீர்கள், லுஹர் வரை உயிரோடு இருப்பீர்கள் என்று யார் உறுதி தந்தது என்று கேட்டார். தந்தை எழுந்துவிட்டார். இப்படி ஒரு பிள்ளையைத் தந்த அல்லாஹ்வைப் புகழ்ந்தார். அந்த மகன் தந்தை உயிரோடு இருக்கும்போதே இளமையில் இறந்துபோனார்.

ஒருநாள் மகள்கள் வாயை மூடியபடி தந்தையிடமிருந்து விலகிப் போனதாகவும் சொல்லப்படுகிறது. விசாரித்தபோது, அன்று வீட்டில் பருப்பும் வெங்காயமும்தான் உணவு, அந்த வாடை வரக் கூடாதே என்று வாயை மூடினார்கள் என்று தெரிந்தது. அவர் அழுதுவிட்டார். எளிமையின் விலையை அவரோடு சேர்ந்து அவர் வீடும் கொடுத்தது.

ஆட்சியிலும் அதே வழி. இஸ்லாத்தைத் தழுவிய பிறகும் மக்களிடம் ஜிஸ்யா வாங்கிக்கொண்டிருந்த ஆளுநர்களைத் தடுத்தார். வரி குறைகிறதே என்று முறையிட்டபோது, நபி (ஸல்) அவர்கள் வரி வசூலிக்க அனுப்பப்படவில்லை, நேர்வழிக்கு அழைக்கவே அனுப்பப்பட்டார்கள் என்ற கருத்தில் பதில் எழுதினார். கான்ஸ்டான்டிநோபிள் முற்றுகையில் பசியால் வாடிய படையைத் திரும்ப அழைத்தார். ஹதீஸ்கள் அழிந்துவிடக் கூடாதே என்று, அவற்றைத் தேடி எழுதும்படி மதீனாவின் அபூபக்ர் இப்னு ஹஸ்ம் (ரஹ்) அவர்களுக்குக் கடிதம் எழுதினார்.

ஆசிரியர் உபைதுல்லாஹ் விதைத்த விதையும் இப்போதுதான் முளைத்தது. மிம்பர்களில் அலீ (ரலி) அவர்களைத் திட்டும் வழக்கத்தை அவர் நிறுத்தினார். அதன் இடத்தில் நீதியையும் நன்மையையும் உறவினருக்குக் கொடுப்பதையும் ஏவும் அந்-நஹ்ல் அத்தியாயத்தின் 90ஆம் வசனத்தை ஓதச் செய்தார். இன்றும் நம் ஊர்ப் பள்ளிவாசல்கள் பலவற்றில் ஜும்ஆ குத்பாவின் முடிவில் அந்த வசனம் ஓதப்படுகிறது. சிறு வயதில் ஓர் ஆசிரியர் சொன்ன ஒரு கண்டிப்பு, 1,300 ஆண்டுகளுக்குப் பிறகும் நம் காதில் விழுகிறது.

ஒரே இரத்தம், இரு வழிகள்

இரண்டு ஆண்டுகளும் ஐந்து மாதங்களும்தான் அவர் ஆண்டார். ஹிஜ்ரி 101 (கி.பி. 720) ரஜப் மாதத்தில், சுமார் 40 வயதில், சிரியாவின் தைர் ஸம்ஆன் என்ற இடத்தில் காலமானார். அவருக்கு நஞ்சூட்டப்பட்டதாகவும், நஞ்சு வைத்த பணியாளரை அவர் மன்னித்து, அவன் வாங்கிய பணத்தை பைத்துல்மாலில் சேர்த்ததாகவும் நூல்கள் குறிப்பிடுகின்றன.

அடுத்து ஆட்சிக்கு வந்தவர் யஸீத் இப்னு அப்துல் மலிக். உமருக்குப் பெரிய தந்தையின் மகன். இருவருக்கும் மர்வானே பாட்டனார். ஆனால் உமர் செய்த சீர்திருத்தங்கள் பல அவர் காலத்தில் பழைய நிலைக்கே திரும்பின.

இந்த யஸீத் ஃபாத்திமாவின் சகோதரர். உமர் இறந்த பிறகு அவர் அந்த நகையை பைத்துல்மாலிலிருந்து எடுத்துச் சகோதரியிடமே திருப்பித் தர முன்வந்தார். உயிரோடு இருந்தபோது அவருக்குக் கட்டுப்பட்டுவிட்டு, இறந்தபின் மாறுசெய்ய மாட்டேன் என்று ஃபாத்திமா மறுத்துவிட்டார். ஒரே தந்தையின் பிள்ளைகள், ஒரே அரண்மனையில் வளர்ந்தவர்கள். ஒருவர் கைநீட்டிக் கொடுக்கிறார், மற்றவர் வேண்டாம் என்கிறார். இந்த வேறுபாட்டை இரத்தத்தில் தேடினால் கிடைக்காது. மாளிகையிலும் கிடைக்காது. அது ஃபாத்திமாவின் சொந்த முடிவு.

பிள்ளைகளுக்கு எதை விட்டுச் செல்வது?

மரணப் படுக்கையில் மைத்துனர் மஸ்லமா அவரிடம், பிள்ளைகளை ஒன்றுமில்லாமல் விட்டுச் செல்கிறீர்களே என்று வருந்தினார். உமர் பிள்ளைகளை அழைத்துவரச் செய்து கண்கலங்கப் பார்த்தார். பிறகு தம் நிலையை விளக்கினார்: இவர்கள் நல்லவர்களாக இருந்தால் நல்லவர்களுக்கு அல்லாஹ் பொறுப்பேற்றுக்கொள்வான், தீயவர்களாக இருந்தால், அல்லாஹ்வுக்கு மாறுசெய்ய அவர்களுக்குப் பணம் கொடுத்து நான் துணைபோக மாட்டேன்.

ஒரு தந்தையாக அவர் எதைக் கட்டுப்படுத்த முடியும், எதை முடியாது என்பதை அவர் தெளிவாக அறிந்திருந்தார். தம் பிள்ளைகள் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள் என்று வம்சத்தின் மேல் சத்தியம் செய்யவில்லை. முடிவு அவர்களுடையது என்று விட்டுவிட்டு, அவர்களை அல்லாஹ்விடம் ஒப்படைத்தார்.

நம் வீடுகளுக்கு இதிலிருந்து மூன்று விஷயங்கள் கிடைக்கின்றன. திருமணம் பேசும்போது நகையையும் நிலத்தையும் எடைபோடும் நாம், பாலில் தண்ணீர் கலக்க மறுத்த அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்வோம். அடுத்த தலைமுறையின் முதல் முதலீடு அங்கேதான் இருக்கிறது. பிள்ளையைக் கண்டிக்கும் நல்ல ஆசிரியர் கிடைத்தால் அவரோடு நிற்போம்.

மூன்றாவது, எல்லாம் செய்தும் பிள்ளை வழிதவறிவிட்டதே என்று இரவில் அழும் பெற்றோருக்கானது. உங்கள் வளர்ப்பு வீணாகவில்லை. குபைப் இறந்த நாளில் உமரைப் பார்த்திருந்தால், இவர் ஒருநாள் நேர்மையின் அடையாளமாவார் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவருக்குத் திரும்பி வர ஓர் இடம் இருந்தது. சிறு வயதில் மதீனாவில் அவர் மனதில் கட்டப்பட்ட இடம் அது. நம் பிள்ளைகளுக்கு அந்த இடத்தைக் கட்டி வைப்பது நம் வேலை. திரும்பி வருவது அவர்கள் எடுக்க வேண்டிய முடிவு. அந்த முடிவுக்காக துஆச் செய்வதை மட்டும் நாம் ஒருநாளும் நிறுத்தக் கூடாது.

நம் சந்ததிகளைக் கண்குளிர்ச்சியாகவும், தவறினாலும் திரும்பி வருபவர்களாகவும் அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.